பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட்: தோட்டத்தை எழுதிவைத்துப் போனவர்

வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதியில் லவர்ஸ் லேன் என்றொரு சரிவான பாதை இருக்கிறது. பாதையை ஒட்டிய சுவருக்கு அப்பால் டம்பார்ட்டன் ஓக்ஸ் தோட்டம். அது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சொத்து. பூக்கும் காலத்தில் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக முடியும். புல் வெட்டவும் செடி கத்தரிக்கவும் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதே பாதையில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் டம்பார்ட்டன் ஓக்ஸ் பார்க். அது தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. யாரும் காசில்லாமல் போய்வரலாம். ஆனால் பல பத்தாண்டுகள் அங்கே ஐவிக் கொடி மரங்களைச் சுற்றி ஏறிக்கொண்டே இருந்தது. ஓடையின் கரை அரித்துக்கொண்டே போனது. கல்லடுக்கிக் கட்டிய சின்னச் சின்னத் தடுப்பணைகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின.

இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே: பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட். 1940 வரை இரண்டும் ஒரே வீட்டின் தோட்டமாக இருந்தவை. மேலே உள்ளது இன்றும் பெருமளவு அவர் நினைத்தபடி இருக்கிறது, கீழே உள்ளது ஏன் கைவிட்டுப் போனது? அவருடைய செல்வாக்கு நூறாண்டு தாண்டியும் எப்படி நிற்கிறது என்று பார்க்கப்போனால் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

எஸ்டேட் என்றால் நமக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் இந்தச் சொல் வேறு. ரயில், எஃகு, எண்ணெய், வங்கி என்று 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பணம் சேர்த்த குடும்பங்கள் கட்டிக்கொண்ட மாளிகையையும் அதைச் சூழ்ந்த நிலத்தையும் அங்கே எஸ்டேட் என்பார்கள். டம்பார்ட்டன் ஓக்ஸை 1920இல் வாங்கியவர்கள் ராபர்ட் பிளிஸ், மில்ட்ரெட் பிளிஸ் தம்பதி. கணவர் வெளியுறவுத் துறை அதிகாரி. மனைவியின் குடும்பப் பணம் வந்தது காஸ்டோரியா என்ற குழந்தைகளுக்கான பேதி மருந்திலிருந்து. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிக நேர்த்தியான தோட்டங்களில் ஒன்றுக்கு முதல் போட்டது பேதி மருந்து என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர்கள் வாங்கியபோது அது 53 ஏக்கர் நிலமும் ஒரு பழைய வீடும். வீடு மேட்டின் உச்சியில் நின்றது. கிழக்கேயும் வடக்கேயும் நிலம் வேகமாகச் சரிந்து ஓடையில் போய் முடிந்தது. பராமரிப்பில்லாத பண்ணை நிலம். அதைப் பார்க்க 1921இல் வந்த ஃபேரண்டுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிலில் கால் நூற்றாண்டுக்கு மேல் அனுபவமும் இருந்தது.

அவர் 1872இல் நியூயார்க்கில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். நாவலாசிரியர் ஈடித் வார்ட்டன் அவருக்கு அத்தை, அப்பாவின் தங்கை. தோட்டக் கலையைப் பட்டப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்க அப்போது அமெரிக்காவில் கல்லூரி கிடையாது. பாஸ்டனில் உள்ள ஆர்னால்ட் மரத் தோட்டத்தின் இயக்குநர் சார்ல்ஸ் ஸ்ப்ரேக் சார்ஜன்ட்டிடம் போய்ச் சேர்ந்து, மரங்களுக்கு நடுவிலேயே பாடம் கற்றார். சார்ஜன்ட் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது: வரைபடம் நிலத்துக்குப் பொருந்த வேண்டும், வரைபடத்துக்காக நிலத்தை முறுக்கக் கூடாது. 1895இல் ஐரோப்பா போய் ஊர் ஊராகத் தோட்டங்களைப் பார்த்தார். இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீக்கிலைச் சந்தித்தார். பூச்செடிகளின் நிறங்களை ஓவியர்போல அடுக்கியவர் ஜீக்கில். இந்தப் பெயர் கடைசியில் மறுபடி வரும். திரும்பி வந்த ஃபேரண்ட் நியூயார்க்கில் அம்மாவின் வீட்டிலேயே அலுவலகம் திறந்தார்.

1899இல் அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் சங்கம் தொடங்கியபோது நிறுவனர்கள் 11 பேர். அதில் ஒரே பெண் இவர். மற்றவர்கள் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொண்டார்கள். இவர் மட்டும் தன்னை லேண்ட்ஸ்கேப் கார்டனர் என்றே கடைசிவரை சொல்லிவந்தார். இதைப் பலர் அடக்கம் என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டிடக் கலைஞருக்குக் கட்டி முடிக்கும் நாளோடு வேலை முடிகிறது. தோட்டக்காரருக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. தான் எந்தப் பக்கம் என்பதை அவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்.

பெண் என்பதால் நகரப் பூங்கா போன்ற பெரிய பொது வேலைகள் அவருக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை. கிடைத்தவை பணக்காரர் வீட்டுத் தோட்டங்கள். அப்புறம் பல்கலைக்கழக வளாகங்கள். பிரின்ஸ்டனில் மட்டும் 1912 தொடங்கி 1943 வரை ஆலோசகராக இருந்தார். அங்கே அவர் செய்த ஒரு காரியம் அவருடைய புத்தி எப்படி ஓடியது என்பதைக் காட்டும். கோடையில் பூக்கும் செடிகளைத் தவிர்த்தார். காரணம் சாதாரணம்: கோடை விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பார்க்க ஆள் இருக்காது. அவர்கள் இருக்கிற வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வளாகம் அழகாக இருந்தால் போதும். நடைபாதைக்கு இடைஞ்சலாகப் புதர் வைக்காமல் கல் சுவர்களின்மேல் கொடிகளையும் செடிகளையும் படர்த்தினார்.

சரி, டம்பார்ட்டன் ஓக்ஸுக்கு வருவோம். வீட்டையொட்டி நேர்க்கோடுகள், கல் தளம், சுவர், வெட்டிவிட்ட பசுவேலி. ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்கக் கோடுகள் தளர்கின்றன. ரோஜாத் தோட்டம், நீரூற்றுத் தளம், அப்புறம் காய்கறிப் பாத்திகள், பழமரங்கள், செர்ரி மரச் சரிவு, ஃபோர்சித்தியா புதர்கள் மஞ்சளாகக் கொட்டிக்கிடக்கும் பள்ளம், கடைசியில் காடு, புல்வெளி, ஓடை. வீட்டு வாசலில் வேட்டி கட்டி அங்கவஸ்திரம் போட்டு நிற்கும் ஒருவர், கொல்லைப்பக்கம் போகப்போக ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தத் தளர்வு எங்கேயும் சட்டென்று நிகழாது. நீளமான படிவரிசை சலிப்புத் தரும் என்று இடையிடையே சமதளம் விட்டிருக்கிறார். ஒவ்வொரு சமதளத்திலும் கண்ணுக்கு வேறொன்று கிடைக்கும்.

ரோஜாத் தோட்டத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ரோஜா என்றால் பூக்கும் மாதங்களை நினைத்துத்தான் எல்லோரும் திட்டம் போடுவார்கள். ஃபேரண்ட் குளிர்காலத்தையும் சேர்த்து யோசித்தார். வாஷிங்டனில் ரோஜாச் செடி பல மாதம் வெறும் முள்ளும் குச்சியுமாக நிற்கும். வீட்டுக்காரர்கள் அப்போதும் அந்த வழியாக நடப்பார்கள். அதனால் எப்போதும் பச்சையாக இருக்கும் பாக்ஸ் செடிகளையும் கல் விளிம்புகளையும் எலும்புக்கூடாக வைத்து, ரோஜாக்களை அதன்மேல் போட்ட அலங்காரமாக மட்டுமே நடத்தினார். நிறமும் சும்மா கலந்ததில்லை. இளஞ்சிவப்பில் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் மஞ்சளில் முடியும். பிளிஸ் தம்பதியின் அஸ்தி பிற்பாடு இந்தத் தோட்டத்தில்தான் வைக்கப்பட்டது.

இந்தத் தோட்டத்தின் கதையில் ஒரு முக்கியமான தற்செயல் உண்டு. வேலை மும்முரமாக நடந்த ஆண்டுகளில் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. ராபர்ட் பிளிஸ் 1923இல் ஸ்வீடனுக்குத் தூதராகப் போனார், 1927இல் அர்ஜென்டினாவுக்கு. 1933இல் ஓய்வுபெற்றுத்தான் வீட்டோடு தங்கினார்கள். ஃபேரண்டும் ஓரிடத்தில் இருந்தவரில்லை. அவருடைய கணவர் மேக்ஸ் ஃபேரண்ட் வரலாற்றாசிரியர். 1927இல் கலிஃபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்துக்குத் தலைமை ஏற்றதால் அவரும் அங்கே போக வேண்டியிருந்தது. ஆக, ஒரு தூணின் உச்சியில் என்ன வடிவம் வைப்பது என்பதற்குக்கூடக் கடல் கடந்து கடிதம் போனது. மரத்திலும் அட்டையிலும் உண்மை அளவிலேயே மாதிரி செய்து, அதை நிஜ இடத்தில் நிறுத்திப் பார்த்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பெஞ்சு, கேட், ஜாடி எதுவும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை.

இதனால் செலவு கூடியிருக்கும், நேரமும் இழுத்திருக்கும். ஆனால் ஒரு லாபம் இருந்தது. பக்கத்தில் நின்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயங்கள் அத்தனையும் காகிதத்துக்கு வந்துவிட்டன. இந்தச் செடி ஏன் இங்கே, அந்தச் சுவர் ஏன் இந்த உயரம் என்று காரணம் சொல்லி எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இருபது வருஷம் இருந்தது.

1940இல் பிளிஸ் தம்பதி சொத்தை மூன்றாகப் பிரித்தார்கள். வீடும் தோட்டமுமாக 16 ஏக்கர் ஹார்வர்டுக்கு, ஓடையும் காடுமாக 27 ஏக்கர் பூங்காவாக அரசுக்கு, மிச்சம் 10 ஏக்கரை டென்மார்க் வாங்கியது. நான்கு வருஷம் கழித்து, 1944 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஐக்கிய நாடுகள் சபைக்கு அடித்தளம் போட்ட பேச்சுவார்த்தை இந்த வீட்டில்தான் நடந்தது. உலகம் டம்பார்ட்டன் ஓக்ஸ் என்ற பெயரை அதற்காகத்தான் தெரிந்து வைத்திருக்கிறது.

அந்தப் போர்க்காலத்தில் ஃபேரண்ட் இன்னொரு வேலையில் உட்கார்ந்திருந்தார். இனி தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். நாளைக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. அவர்களுக்காக ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு எழுதினார். இந்த இடம் எதற்காக, என்ன உணர்வு வர வேண்டும், என்னென்ன செடிகள், எதை எந்த அளவுக்கு மேல் வளரவிடக் கூடாது, எது செத்தால் அதையே வைக்க வேண்டும், எதற்கு மாற்று வைத்தாலும் பாதகமில்லை. செடிப் புத்தகம் என்று பெயர். 1980இல்தான் அச்சில் வந்தது. நம் வீடுகளில் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் கண்ணளவு என்று பாட்டி சொல்வாள். பாட்டி போனதும் ஊறுகாயும் போய்விடும். ஃபேரண்ட் கண்ணளவை எழுதிவைத்துவிட்டார்.

அப்படியென்றால் தோட்டம் மாறவே இல்லையா? நிறைய மாறியிருக்கிறது. பீச் (beech) என்ற ஒரு பெரிய நிழல்மரத்தை மையமாக வைத்துக் கட்டிய தளத்தில் அந்த மரமே 1940களின் பிற்பகுதியில் பட்டுப்போனது. அந்த இடத்தில் இன்னொரு வகை பீச்சை வைத்தார்கள். தளத்தின் பெயரும் அர்த்தமும் பிழைத்தன. நீள்வட்டத் தோட்டத்தைச் சுற்றி அவர் வைத்த பாக்ஸ் வேலி நலிந்தபோது, 1958இல் ஆல்டன் ஹாப்கின்ஸ் என்பவர் அதை எடுத்துவிட்டு ஹார்ன்பீம் மரங்களை இரட்டை வரிசையில் நட்டார். அடிமரங்கள் தூண்கள்போலத் தெரிய, மேலே இலைகளை மட்டும் வேலியாக வெட்டிவிட்ட ஏற்பாடு. செடி மாறினாலும், உள்ளே போனால் நாலு பக்கமும் பச்சை சூழ்ந்த அமைதியான வெற்றிடம் என்ற மூல யோசனை அப்படியே இருக்கிறது. இதை நல்ல மாற்றம் என்பேன். டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் அவருடைய பழைய உதவியாளர் ரூத் ஹேவி அமைத்த கூழாங்கல் தோட்டத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கூழாங்கற்களைப் பதித்துக் கோதுமைக் கதிர்க்கட்டு வரைந்து மேலே மெல்லிய நீர்ப்படலம் விட்டது. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அதுதான் முதல் இடம். ஆனால் ஃபேரண்டின் அடக்கமான கையெழுத்துக்கு நடுவில் அது கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறது.

இப்போது கீழே ஓடைக்கு. அந்த 27 ஏக்கரும் யாரும் தொடாத இயற்கை மாதிரி தெரிவதற்காகவே திட்டமிடப்பட்டது. ஓடையில் 18 சிறு அணைகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் விழும் ஓசைக்காகக் கல் அடுக்கப்பட்டது. நடக்கிறவர் கண்ணில் காட்டுப்பூக்கள் கூட்டங்கூட்டமாகப் படும்படி நடவு. இயற்கைபோல் தெரிகிற தோட்டம் சும்மா விட்டால் தானாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். நடப்பது தலைகீழ். வெட்டிய வேலியில் ஒரு கிளை நீண்டால் குழந்தைக்கும் தெரியும். காட்டுத் தோட்டத்தில் வந்தேறிக் கொடி புகுந்தால் பத்து வருஷம் கழித்துத்தான் கண்ணில் படும். அதற்குள் அது கீழே இருந்த காட்டுப்பூக்களை மூடியிருக்கும். இதோடு மேட்டில் நகரம் வளர்ந்தது. கூரையும் தார்ச்சாலையும் மழையை உறிஞ்சாது. ஒரு பலத்த மழை பெய்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஓடைக்கு வந்து கரையை அறுக்கும், அணைக் கல்லைப் பெயர்க்கும். செடிப் புத்தகம் எழுதப்பட்டது ஹார்வர்ட் வசமிருந்த மேல் தோட்டத்துக்காக. கீழே அப்படியொரு புத்தகம் இல்லை, போதிய ஆளும் இல்லை. 2010இல் பூங்காவுக்கென்று ஒரு பாதுகாப்பு அமைப்பு உருவாகி, தொண்டர்களை வைத்துக் கொடி அகற்றுவதும் மழைநீரை மேட்டிலேயே நிறுத்துவதுமாக வேலை நடக்கிறது.

மற்ற இடங்களிலும் இதே கதைதான், வேறு வேறு ரூபத்தில். நியூயார்க் தாவரவியல் பூங்காவுக்கு 1916இல் அவர் ஒரு ரோஜாத் தோட்டம் வரைந்து கொடுத்தார். முழுதாகக் கட்டப் பணம் வரவில்லை. வரைபடம் மட்டும் பத்திரமாக இருந்தது. 1988இல், 72 வருஷம் கழித்து, அதைப் பார்த்தே முடித்தார்கள். இங்கிலாந்தில் டார்டிங்டன் ஹாலில் 1930களில் வேலை செய்தார்; அமெரிக்காவுக்கு வெளியே அவர் செய்த ஒரே தோட்டம் அது. அதன் உரிமையாளர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரோடு ஸ்ரீநிகேதனில் கிராமப் பணி செய்துவிட்டுப் போனவர். மெய்ன் மாநிலத்தில் ராக்ஃபெல்லர் குடும்பத்துக்காக அமைத்த தோட்டத்தின் சுவரில் பெய்ஜிங்கிலிருந்து வந்த மஞ்சள் ஓடுகள் பதிந்திருக்கின்றன. குடும்பம் தலைமுறையாகப் பார்த்துக்கொண்டதால் பிழைத்தது.

பார்த்துக்கொள்ள ஆள் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் என்ன செய்வது? அந்தச் சோதனை அவருக்குச் சொந்த வீட்டிலேயே வந்தது. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஊரில், கடலோரத்தில், பெற்றோர் கட்டிய ரீஃப் பாயின்ட் வீடு. கணவரோடு சேர்ந்து அதைப் படிக்க வருகிறவர்களுக்கான தோட்டமாக மாற்ற ஆசைப்பட்டார்: நூலகம், உலர்த்திய செடிகளின் சேகரிப்பு, அந்தக் குளிரில் எது பிழைக்கும் என்று பார்க்கும் சோதனைப் பாத்திகள். 1945இல் கணவர் போய்விட்டார். 1947 அக்டோபரில் பெரும் காட்டுத்தீ பார் ஹார்பர் இருக்கும் தீவில் 17,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. பணக்காரர்களின் கோடை மாளிகைகள் பல சாம்பலாயின. ரீஃப் பாயின்ட் தப்பியது, ஆனால் வரி வருமானம் இழந்த ஊர் அவர் கேட்ட வரிவிலக்கைத் தரவில்லை. தனக்குப் பின் தோட்டம் சரியாகப் பராமரிக்கப்படும் என்ற உறுதி அவருக்குக் கிடைக்கவில்லை.

1955இல் எல்லாவற்றையும் தானே கலைத்தார். வீடு இடிக்கப்பட்டது. சார்ல்ஸ் சாவேஜ் என்ற உள்ளூர்க்காரர் ராக்ஃபெல்லரின் உதவியோடு செடிகளை வாங்கி, பக்கத்து ஊரில் ஆஸ்டிகூ அசேலியா தோட்டத்தையும் துயா தோட்டத்தையும் அவற்றைக் கொண்டு உருவாக்கினார். ஃபேரண்ட் தன்னிடம் வேலை பார்த்த கார்லண்ட் குடும்பத்தின் பண்ணை வீட்டுக்குக் குடிபோய், வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாத்தித் தோட்டம் போட்டுக்கொண்டு நான்கு வருஷம் இருந்தார். 1959 பிப்ரவரியில் இறந்தார். விரக்தியில் செய்த காரியம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, பாதி செத்த தோட்டத்துக்குத் தன் பெயர் இருப்பதைவிட, செடிகள் வேறு இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு தோட்டக்காரர் போட்ட கணக்காகத்தான் படுகிறது.

நூலகமும் காகிதங்களும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போயின. அந்தப் பெட்டிகளில் அவருடையவை மட்டும் இல்லை. 1932இல் ஜீக்கில் இறந்த பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த அவருடைய தோட்ட வரைபடங்களை 1948இல் ஃபேரண்ட் விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தார். இளம் வயதில் இங்கிலாந்தில் சந்தித்தாரே, அதே ஜீக்கில். ஹாம்ப்ஷயரில் அப்டன் கிரே என்ற கிராமத்தில் 1908இல் ஜீக்கில் வடிவமைத்த ஒரு மாளிகைத் தோட்டம் காலப்போக்கில் புதர் மண்டி அடையாளம் தெரியாமல் போயிருந்தது. 1984இல் அந்த வீட்டை வாங்கியவர்கள் பெர்க்லியிலிருந்து வரைபடங்களின் நகலை வரவழைத்தார்கள். எந்தப் பாத்தியில் எந்தச் செடி என்று ஜீக்கிலின் கையெழுத்திலேயே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள்.